தரணியைக் கூட்டிவரப் போன ஆம்பூர்ப் பயணம்

இந்தப் பக்கத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கோயில் நடை திறக்கும் நேரத்தையும் பஸ் கட்டணத்தையும் தேடித்தான் வருகிறீர்கள். இந்தத் தடவை கோயில் இல்லை. ஒரு மலையை மட்டும் பஸ் ஜன்னல் வழியாகக் கும்பிட்டேன். அதற்கும் ஒரு காரணம் இருக்கிறது, போகப்போகச் சொல்கிறேன். மனசு நொந்த பிள்ளைகளை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று ஊர்க்காரர்களுக்கே சொல்லித்தரும் இரண்டு நாள் பயிற்சி ஒன்று. அதற்கு நான் போய்வந்த கதை இது. உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படி ஒரு பிள்ளை இருந்தால் உதவும் என்றுதான் எழுதுகிறேன். அந்தக் கிராமத்தின் பெயரை எழுதவில்லை. ஆட்களின் பெயரையும் மாற்றிவிட்டேன். மற்றபடி எல்லாம் நடந்தது நடந்தபடி.

என் நாத்தனார் மல்லிகாவைக் கட்டிக்கொடுத்தது ஆம்பூரிலிருந்து எட்டு கிலோமீட்டரில். ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்கிறாள். அவள் வீட்டுக்காரர் லாரி ஓட்டி வெளிமாநிலம் போகிறவர், மாதத்தில் பாதி நாள் இருக்கமாட்டார். ஒரே பெண் தரணி. ஒன்பது வயது, நாலாம் வகுப்பு.

போன ஆடியில் சாமி ஊர்வலம் எந்தத் தெருவில் முதலில் நுழைவது என்று ஓடைத் தெருவுக்கும் மேட்டுத் தெருவுக்கும் வாய்ச்சண்டை வந்து, கல்லெறியாகி, வண்டிகளைக் கொளுத்துகிற அளவுக்குப் போய்விட்டது. யார் முதலில் எறிந்தார்கள் என்று எழுதமாட்டேன். பிள்ளைகள் இருக்கும் இடத்தில் அந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது என்பதும் பயிற்சியில் கற்றதுதான். அன்றைக்குப் பொழுது சாயும் நேரத்தில் பால் பாக்கெட் வாங்கப் போயிருந்த தரணி, வெறுங்கையோடு ஓடிவந்து கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டாள். மேலே ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் போகவில்லை. மல்லிகா வீடு ஓடைத் தெரு, பள்ளிக்கூடம் மேட்டுத் தெரு.

தை மாதக் கடைசியில் மல்லிகா போன் செய்தாள்.

"அண்ணி, நானும் பாத்துட்டேன், முடியல. திங்கக்கெழம டி.சி. வாங்கிட்றேன். பாப்பாவ நீங்க கூட்டினு போய்டுங்க. காஞ்சிபுரத்துலயே படிக்கட்டும்."

"அவளை விட்டுட்டு நீ எப்படி இருப்பே?"

"இருந்துக்கறேன். இன்னா பண்றது?" பிறகு, "சனி, ஞாயிறு இங்க நம்ம ஊர் சமுதாயக் கூடத்துல பயிற்சி ஒண்ணு வெக்கறாங்க. நீங்கதான அவள வெச்சிக்கப் போறீங்க. நீங்களும் வந்து ஒக்காருங்க."

என் வீட்டில் இருக்கும் பைகளிலேயே பெரியதை எடுத்துக்கொண்டேன், தரணியின் துணிமணிக்காக. என் புடவை இரண்டையும் திருநீற்றுப் பையையும் அதன் மூலையில் வைத்தேன். மீதி எல்லாம் காலி. தரணி பள்ளிக்கூடம் போகும்வரை கவிச்சி தொடமாட்டேன் என்று ஆவணியிலேயே முருகனிடம் வேண்டிக்கொண்டிருந்தேன். ஆம்பூருக்குப் போகிறவள் அப்படி வேண்டிக்கொள்ளலாமா என்று என் வீட்டுக்காரர் வழியனுப்பும்போது சிரித்தார்.

வெள்ளிக்கிழமை காலை 6.20-க்கு காஞ்சிபுரத்தில் வேலூர் பஸ் ஏறினேன். ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர், டிக்கெட் 62 ரூபாய். காவேரிப்பாக்கம் தாண்டியதும் நன்றாக விடிந்தது. வாலாஜாபேட்டையில் காய்கறி மூட்டைகளோடு நாலு பெண்கள் ஏறினார்கள். பாலாற்றில் தண்ணீரை விட மணலும் முள்செடியும்தான் ஜாஸ்தி. மேல்விஷாரம் தாண்டும்போது தோல் வாடை ஜன்னல் வழியாக வந்தது. முதல் தடவை போகிறவர்கள் கைக்குட்டை வைத்துக்கொள்ளுங்கள், பத்து நிமிஷத்தில் பழகிவிடும். வேலூர் புது பஸ் நிலையத்தில் இறங்கும்போது 8.30. இரண்டு இட்லி, ஒரு வடை, காப்பி சேர்த்து 55 ரூபாய். அங்கிருந்து ஆம்பூர் ஐம்பது கிலோமீட்டர், 45 ரூபாய், ஒன்றே கால் மணி நேரம்.

கிராமத்துக்கு டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. ஆனால் அடுத்த பஸ் பன்னிரண்டு மணிக்குத்தான் என்றார்கள். ஷேர் ஆட்டோவில் 20 ரூபாய். ஆட்டோக்காரர் பாஷா என்று ஒருவர், நாற்பது வயது இருக்கும். ஊர்ப் பெயரைச் சொன்னதும் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"மல்லிகாக்கா வூட்டுக்கா? காஞ்சிபுரம் அண்ணி நீங்கதானா? பை இன்னாக்கா இவ்ளோ பெருசு, உள்ள ஒண்ணுமே இல்ல?"

"குழந்தையோட துணிக்கு."

சிரித்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். "கூட்டினு போகப் போறீங்களா? நாளைக்கு நானும் பயிற்சிக்கு வர்றேன்க்கா. தரணி என் ஆட்டோலதான் ஸ்கூல் பிக்னிக் போச்சி. வண்டி ஃபுல்லா பாட்டு. இப்ப ஆரன் அடிச்சாக்கூட உள்ள ஓடிடுது." இறங்கும்போது இருபது ரூபாயை வாங்கவில்லை. கணக்கில் எழுதுவதற்காகவாவது வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். "பூஜ்ஜியம்னு எழுதுங்க," என்றார். அப்படியே எழுதியிருக்கிறேன்.

மல்லிகாவின் வீட்டில் தரணி எனக்குச் சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். பேசாமல் இல்லை, பேசுகிறாள். சாப்பிடுகிறாள். தெருக் குழாய் வரைக்கும் போகிறாள், அதைத் தாண்டுவதில்லை. பக்கத்து வீட்டில் தகரக் கதவை யாரோ இழுத்தபோது அவள் கையிலிருந்த தட்டு விழுந்தது. அதை எடுத்துவைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அத்த, உங்க ஊர்ல கடைங்கள எப்ப மூடுவாங்க?"

"பத்து மணி ஆகும் கண்ணு."

"அதுக்கு முன்னாடியே மூடிட்டா?"

எதற்குக் கேட்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. மூடமாட்டார்கள் என்று சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினாள்.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்குப் பயிற்சி தொடங்கியது. இரண்டு தெருவும் சேருகிற இடத்தில் இருக்கிறது சமுதாயக் கூடம். எதிரே கோதண்டம் என்பவரின் டீக்கடை, அதை ஒட்டித்தான் பள்ளிக்கூடத்துக்குச் சந்து போகிறது. டாக்டர்களும் டீச்சர்களும் உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்துப் பயந்து போயிருந்தேன். நான் எட்டாவதுக்கு மேல் பள்ளிக்கூடம் போனதில்லை, மீதி எல்லாம் வாடகைப் புத்தகம் படித்து நானாகக் கற்றுக்கொண்டது. உள்ளே பார்த்தால் கம்பெனிக்கு லீவு போட்ட பெண்கள், அங்கன்வாடி டீச்சர், அம்மன் கோயில் பூசாரி, பாஷா, பக்கத்துத் தெரு முஸ்லிம் அம்மாக்கள் இரண்டு பேர். இரண்டு தெருக்காரர்களும் இருந்தார்கள். ஆனால் நடுவில் ஒரு பாய் அகலத்துக்கு இடம் விட்டுத்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

நடத்த வந்தவர் நூர்ஜஹான், மேல்விஷாரத்துப் பெண். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். வந்ததும் அவர் செய்த முதல் காரியம், அந்த இடைவெளியில் தன் பாயை விரித்து உட்கார்ந்ததுதான். "இங்க காத்து நல்லா வருது," என்றார்.

சொல்லித்தந்ததை என் புரிதலில் எழுதுகிறேன். பயந்துபோன பிள்ளையை "நடந்ததைச் சொல்லு, சொல்லு" என்று கிளறக்கூடாது. அவளாகச் சொன்னால் வேலையை விட்டுவிட்டுக் கேட்க வேண்டும். "அதெல்லாம் ஒண்ணுமில்ல, மறந்துடு" என்று சொல்லக்கூடாது, ஏனென்றால் அவளுக்கு அது ஒன்றுமில்லாதது இல்லை. சாப்பாடு, குளியல், தூக்கம், விளையாட்டு தினமும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். அடுத்து என்ன நடக்கும் என்பது தெரிந்தாலே பாதிப் பயம் குறையும். செய்ய முடியாததை வாக்குக் கொடுக்கக்கூடாது. சின்ன விஷயத்திலாவது அவள் விருப்பத்தைக் கேட்க வேண்டும். அவள் சொன்னதை இன்னொருவரிடம் சொல்வதற்கு முன்னால் அவளையே கேட்க வேண்டும். சாப்பாடும் தூக்கமும் அடியோடு கெட்டாலோ, தன்னையே காயப்படுத்திக்கொண்டாலோ, உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்றாலோ உடனே ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிப்போக வேண்டும், நாமே வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கக்கூடாது.

என் சந்தேகத்தைக் கேட்டேன். "நான் திருநீறு மந்திரிச்சுக் கொண்டு வந்திருக்கேன். கயிறும் இருக்கு. கட்டலாமா, அதுவும் தப்பா?"

யாரோ சிரித்தார்கள். நூர்ஜஹான் சிரிக்கவில்லை. "நானும் துவா செய்யாம தூங்கறதில்லக்கா. கட்டுங்க. ஆனா 'உனக்கு காத்து கருப்பு பட்டிருக்கு, அதுக்குத்தான் இது'ன்னு சொல்லாதீங்க. உன்ன நெனச்சிக்கினே இருக்கேன்னு சொல்லிட்டு, வேணுமான்னு கேளுங்க. வேணாம்னா வெச்சிடுங்க." பெரிய படிப்பாளிகள் சாமியைப் பற்றிப் பேசினால் எனக்குக் கூச்சமாக இருக்கும். இவர் பேசியபோது இருக்கவில்லை.

மத்தியானத்துக்கு முன் ஒரு விளையாட்டு வைத்தார். ஒருவர் நாற்காலி மேல் நிற்க வேண்டும். மற்றவர்கள் ஒன்றும் பேசாமல் சுற்றி நின்று, "அய்யோ பாவம்" என்கிற முகத்தோடு பார்க்க வேண்டும். அவ்வளவுதான். மல்லிகா ஏறினாள். கொஞ்ச நேரத்திலேயே கையைப் பிசைந்துகொண்டு இறங்கிவிட்டாள். "நான் இன்னா தப்பு பண்ணேன்னு தோணுது அண்ணி," என்றாள்.

சாப்பாடு பிரியாணி. எதிர்க்கடைக் கோதண்டம் தன் செலவில் ஏற்பாடு செய்தது. நான் ஒதுங்கி உட்கார்ந்ததும் விஷயம் வெளியே வந்துவிட்டது.

"ஆம்பூருக்கு வந்து பிரியாணி வேணான்னு சொன்ன மொத ஆளு நீங்கதான்க்கா," என்றார் பாஷா. "உங்க சாமி ரொம்ப ஸ்ட்ரிக்ட்டு."

"சாமி கேக்கல. நானாத்தான் வேண்டிக்கிட்டேன்."

நூர்ஜஹான் தன் டப்பாவிலிருந்த தயிர்ச் சாதத்தில் பாதியை எனக்குத் தள்ளினார்.

மூன்று மணிக்குப் பிள்ளைகளுக்காகக் கூடத்தின் பின்பக்க அறையில் பாய், கலர் பென்சில், சோப்பு நுரைக் குழாய் எல்லாம் வைத்தார்கள். நானும் மல்லிகாவும் வீட்டுக்குப் போய், வருகிறாயா என்று தரணியைக் கேட்டோம். ஓடைத் தெருப் பக்கமாகவே பின்வாசல் இருப்பதால், என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டாள். குழாயைத் தாண்டி அவள் வந்தது ஆடிக்குப் பிறகு அன்றைக்குத்தான். இரண்டு தெருப் பிள்ளைகளும் இருந்தார்கள். நுரை ஊதினாள். பக்கத்தில் இருந்த பெண்ணின் மூக்கில் நுரை உடைந்ததும் சிரித்தாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

ஐந்து மணிக்கு, "அத்த, முன்பக்கமா போலாமா?" என்று அவளே கேட்டாள். முன்வாசலுக்கு வந்தோம்.

கூடத்தின் முகப்பில் எட்டடிக்கு ஒரு ஃப்ளெக்ஸ் பேனர். மத்தியானம் வரைக்கும் அது இல்லை. "கலவரத்தில் பாதிக்கப்பட்ட எங்கள் செல்லக் குழந்தைகளுக்கு நோட்டுப் புத்தகம் வழங்கும் விழா". இந்த ஓரத்தில் ஒன்றியத்திலிருந்து வரும் தலைவர், அந்த ஓரத்தில் கை கூப்பிய கோதண்டம், நடுவில் வட்டம் வட்டமாக ஆறு பிள்ளைகளின் முகம். மூன்றாவது வட்டத்தில் தரணி. பழைய ஆண்டு விழா படத்திலிருந்து எடுத்தது, தலை நிறையக் கனகாம்பரம். கீழே நின்று இரண்டு பேர் படத்தையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார்கள். "இதான் அந்தப் பொண்ணா?" என்று ஒருவர் கேட்டார்.

தரணி என் கையை விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள். நானும் மல்லிகாவும் போய்ச் சேர்ந்தபோது, என் பெரிய பையைத் திறந்துவைத்து அவளே தன் பாவாடை சட்டைகளை மடித்து உள்ளே அடுக்கிக்கொண்டிருந்தாள். சீருடையை மட்டும் வெளியே வைத்திருந்தாள். மல்லிகா அதைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய் நின்றாள்.

நம் பக்கத்தில் அன்பு என்றால் பேனர். பிறந்தால் பேனர், காது குத்தினால் பேனர், செத்தால் பேனர். கோதண்டம் கெட்டவர் இல்லை. அவர் மேட்டுத் தெரு. அந்த ஊரில் ஓடைத் தெருப் பிள்ளைகளுக்கு மேட்டுத் தெருக்காரர் ஒருவர் கைக்காசு போட்டுப் பிரியாணியும் நோட்டும் பேனரும் ஏற்பாடு செய்வது சின்ன விஷயமே இல்லை. அதை யோசித்தபோது எனக்குக் கோபமாகவும் இருந்தது, கோபப்பட முடியாமலும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை கூடத்தில் சத்தம் பெரிதாகிவிட்டது. ஓடைத் தெருப் பெண்கள் பேனரைக் கிழிக்க வேண்டும் என்றார்கள். கோதண்டம் தோளில் துண்டோடு வந்து நின்றார். ஐம்பது வயது, கனத்த உடம்பு.

"நல்லதுக்குத்தானம்மா பண்ணேன். என் சொந்தக் காசு. பேஜார் புடிச்ச வேலையாப் போச்சி."

"நல்லதுக்குத்தாண்ணே, தெரியும்," என்றார் நூர்ஜஹான். "நேத்து இங்க ஒரு வெளயாட்டு வெளயாண்டோம். நாற்காலி மேல நிக்கணும்."

"அவ்ளோதான? நிக்கறேன், இரு." செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். நாங்கள் சுற்றி நின்று பார்த்தோம். முதலில் இளித்தார். "இன்னாத்துக்கு இப்டிப் பாக்கறீங்க?" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்தார். "தே, பாஷா, நீயாவது வேற பக்கம் பாருடா." பாஷாவும் பாவப்பட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். கோதண்டம் இறங்கி, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, நேராக வெளியே போனார். கோபித்துக்கொண்டார் என்று நினைத்தோம். ஏணி சாய்க்கும் சத்தம் கேட்டது. தானே ஏறிப் பேனரின் கயிறுகளை அறுத்துக்கொண்டிருந்தார்.

ஃப்ளெக்ஸை எங்கள் பக்கத்தில் யாரும் எறியமாட்டார்கள். கூரைக்கு ஆகும், நெல் காயவைக்க ஆகும். மல்லிகா கம்பெனிக் கத்தரிக்கோலால் ஆறு வட்டங்களையும் வெட்டி, அந்தந்த அம்மாக்களிடம் கொடுத்தாள். மீதியைத் திருப்பிப் போட்டதும் வெள்ளையாக, ஆறு ஓட்டையோடு கிடந்தது. நூர்ஜஹான் அதில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் போகும் வழியை வரையச் சொன்னார். பிடித்த இடத்துக்குப் பச்சை, பயமான இடத்துக்குக் கறுப்பு. தரணி வரவில்லை. அவள் வராததால் மல்லிகா சாயங்காலம் ஃப்ளெக்ஸைச் சுருட்டி வீட்டுக்கே கொண்டுவந்து, தரையில் விரித்தாள். "நீயும் வேணும்னா போடு. வேணாம்னா பரவால்ல," என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரிக்க ஆரம்பித்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துத் தரணி பென்சிலை எடுத்தாள். வீடு, குழாய், கூடம் எல்லாம் போட்டாள். டீக்கடை வந்ததும் ஒரு கட்டம் போட்டுக் கறுப்பால் தேய்த்தாள், தேய்த்தாள், பென்சில் முனை உடைகிற வரைக்கும் தேய்த்தாள். எனக்கு வாய் வரைக்கும் கேள்வி வந்தது. மல்லிகா என் முழங்காலை அழுத்தினாள். பூண்டைக் கீழே வைத்தாள், ஆனால் ஒன்றும் கேட்கவில்லை.

"நான் ஓடினேன்மா," என்றாள் தரணி, படத்தைப் பார்த்தபடியே. "கல்லு வந்துச்சி. மாமா கடைக்குள்ள போய்டலாம்னு ஓடினேன். நான் கிட்டப் போறேன், அவரு ஷட்டர இழுத்துட்டாரு. கடகடன்னு. நான் தட்டினேன். தொறக்கல."

மல்லிகா அவளை மடியில் இழுத்துக்கொள்ளப் போய், நிறுத்திக்கொண்டு, "அம்மா மடிக்கு வர்றியா?" என்று கேட்டாள். வந்து படுத்துக்கொண்டாள். "அவ்ளோ பயமா இருந்திருக்கும்டீ. சொன்னது நல்லது," என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை. அவள் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்ததிலிருந்து பதினைந்து வருஷமாக அவளை எனக்குத் தெரியும். அன்றைக்குப் போல அவளை நான் மதித்ததில்லை.

பிறகு மல்லிகா கேட்டாள். "கோதண்டம் மாமாகிட்ட இத சொல்லட்டுமா? நீ வேணாம்னா சொல்லல."

தரணி ரொம்ப நேரம் யோசித்தாள். "சொல்லு. நீ சொல்லு."

மல்லிகாவோடு நானும் கடைக்குப் போனேன். நூர்ஜஹான் ஊருக்குக் கிளம்ப பஸ்ஸுக்காக அங்கேதான் நின்றிருந்தார். மல்லிகா சத்தம் போடாமல் சொன்னாள். கோதண்டம் கையில் இருந்த டம்ளரைக் கழுவிக்கொண்டே இருந்தார், அது கழுவின டம்ளர்தான்.

"தட்னது கேட்டுச்சிம்மா. கல்லுதான் உழுதுன்னு நெனச்சேன்," என்றார். "அது கொழந்த கையா?" டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "நான் வந்து அவ கால்ல வேணா உழறேன்," என்று கிளம்பினார்.

"அவசரப்படாதீங்கண்ணே," என்றார் நூர்ஜஹான். "மறுபடியும் அவ நாற்காலி மேல நிக்கற மாதிரி ஆயிடும். அவ இன்னா கேக்கறான்னு கேப்போம்."

அப்போதுதான் மல்லிகா கம்பெனி முறையைச் சொன்னாள். அங்கே ஒரு ஷூ ஒருத்தி கையில் முழுசாக முடிவதில்லை. லைனில் ஒருத்தி தைத்து அடுத்தவளிடம் தள்ளுவாள், அவள் அதற்கடுத்தவளிடம். நடுவில் கீழே விழாது, ஏனென்றால் முதல் கை விடுவதற்கு முன் அடுத்த கை பிடித்திருக்கும். "அந்த மாரி லைன் போட்டா இன்னா? வூட்லேர்ந்து ஸ்கூல் வரைக்கும். அவ எங்க நின்னாலும் தெரிஞ்ச மூஞ்சி ஒண்ணு கண்ல படணும். யாரும் கூட நடக்க வேணாம், அவங்கவங்க வேலைய அங்க நின்னு பாக்கணும், அவ்ளோதான்."

நூர்ஜஹான் தன் பஸ் போவதைக்கூடக் கவனிக்கவில்லை. "இத நான் அடுத்த ஊர்ல சொல்லித்தரலாமா?" என்று மல்லிகாவைக் கேட்டார். மல்லிகா வெட்கப்பட்டுப் புடவைத் தலைப்பைக் கடித்தாள்.

நாங்கள் வீட்டுக்குத் திரும்பியதும், யார் எங்கே நிற்கலாம் என்பதை ஃப்ளெக்ஸின் மேல் கை வைத்துத் தரணியே சொன்னாள். குழாயில் அம்மா. கூடத்து வாசலில் பாஷா மாமா, ஆட்டோவைத் துடைக்கட்டும், ஆரன் அடிக்கக்கூடாது. சந்தில் அத்தை. பள்ளிக்கூட வாசலில் நுரை விளையாடிய பெண்ணின் அம்மா, அவர் மேட்டுத் தெரு. கறுப்புக் கட்டத்துக்கு வந்ததும் விரல் நின்றது.

"மாமா இருக்கட்டும். என்னக் கூப்புடக் கூடாது. பிஸ்கெட்டு குடுக்கக் கூடாது. ஷட்டரு தொறந்தே இருக்கணும்."

திங்கட்கிழமை காலை எட்டரைக்கே அவரவர் இடத்துக்குப் போய்விட்டோம். டி.சி.க்கு எழுதிய விண்ணப்பம் மல்லிகாவின் இடுப்புச் சுருக்குப் பையில் இருந்தது. தரணி திரும்பி வந்துவிட்டால் அதைக் கொடுத்துவிட்டு மத்தியான பஸ்ஸுக்கு என்னோடு அனுப்புவதாக முடிவு. சந்தில் நின்றபடி நான் கடையைப் பார்த்தேன். ஷட்டர் மேலே சுருண்டிருந்தது. அது இறங்கிவிடாதபடி, இரண்டு ஓரத்திலும் நடுவிலும் தேங்காய் நார்க் கயிற்றால் சுற்றிச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தார் கோதண்டம். பேனரில் அறுத்த கயிறுகளும் அதில் இருந்தன. இனி யாராவது அரிவாள் கொண்டுவந்தால்தான் அது கீழே வரும்.

ஒன்பதுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது சீருடையில் வந்தாள். கையில் நான் கொண்டுபோன கயிறு இருந்தது, காலையில் அவளே கையை நீட்டிக் கட்டச் சொன்னது. குழாய் தாண்டினாள். பாஷா ஒரே கண்ணாடியைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். கூடத்தின் முனையில் நின்றாள். நாங்கள் யாரும் நகரவில்லை. கோதண்டத்தின் ஒரு கையில் பன் இருந்தது. கொடுக்கக்கூடாது என்று தெரியும், ஆனால் கை தானாக எடுத்திருக்கிறது. அதை மார்போடு பிடித்துக்கொண்டு பால் பாத்திரத்தையே பார்த்தபடி நின்றார். பால் பொங்கி, வழிந்து, அடுப்பை அணைத்தது. அவர் அசையவில்லை. தரணி தலையைத் தூக்கி அவரைப் பார்க்கவில்லை, ஷட்டரைப் பார்த்தாள். ஒவ்வொரு முடிச்சாகப் பார்த்தாள். பிறகு நடந்தாள். என்னைத் தாண்டும்போது, "பால் பொங்கிடுச்சி அத்த," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

முருகா, என்று சந்துச் சுவரிலேயே சாய்ந்துகொண்டேன்.

முழு நாளும் இருந்தாள் என்று பொய் எழுதமாட்டேன். மத்தியானச் சாப்பாட்டு மணிக்கு வீட்டுக்கு வந்துவிட்டாள். மல்லிகா போனில் நூர்ஜஹானைக் கேட்டாள். அரை நாள் போனதே பெரிது, நாளைக்கும் லைன் நிற்கட்டும், அவசரம் வேண்டாம் என்றார். மல்லிகா சுருக்குப் பையிலிருந்த விண்ணப்பத்தை அடுப்பில் போட்டாள். தரணி என் பையிலிருந்து தன் துணிகளை எடுத்து அலமாரியில் வைத்தாள். காலியான பையில் மல்லிகா நிலக்கடலையும் இரண்டு தேங்காயும் போட்டாள்.

ஆம்பூர் பஸ் நிலையம் வரை பாஷா கொண்டுவிட்டார். வேண்டுதல் முடிந்ததா இல்லையா என்று எனக்கு ஒரே குழப்பம். அவர்தான் தீர்த்துவைத்தார். "அரை நாள்தான போச்சி? அரை ப்ளேட் சாப்டுங்கக்கா." 110 ரூபாய்க்கு அரை பிளேட் பொட்டலம் கட்டி வாங்கினேன். வழியில் இரத்தினகிரியில் இறங்கி முருகன் மலை ஏற வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். கையில் பிரியாணியோடு எப்படி ஏறுவது? ஜன்னலிலிருந்தே கும்பிட்டேன். அவனுக்குத் தெரியும்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். காஞ்சிபுரத்திலிருந்து போய்வர பஸ் செலவு 214, சாப்பாடு எல்லாம் சேர்த்து நானூற்றுக்குள் முடிந்தது. பயிற்சிக்குக் கட்டணம் கிடையாது. உங்கள் ஊரில் நடத்த வேண்டும் என்றால் அங்கன்வாடியிலோ பள்ளித் தலைமையாசிரியரிடமோ அரசு ஆஸ்பத்திரியிலோ விசாரியுங்கள், வழி சொல்வார்கள். பிள்ளைகள் பாதுகாப்புக்கு 1098 என்ற இலவச எண் எல்லா நேரமும் உண்டு. வேலூர் பஸ் நிலையத்தில் காலை ஏழிலிருந்து ஒன்பது வரை கம்பெனிக்குப் போகிற கூட்டம், உட்கார இடம் கிடைக்காது. கையில் சோப்பு நுரைக் குழாய் இரண்டு வாங்கிக்கொண்டு போங்கள், ஒன்று பத்து ரூபாய். பேனர் மட்டும் அடிக்காதீர்கள்.

கோதண்டத்தின் கடைக்கு இப்போது ராத்திரியில் கதவில்லை. அந்த ஆறு ஓட்டை ஃப்ளெக்ஸைத்தான் திரையாகத் தொங்கவிட்டுப் போகிறாராம். ஓட்டை வழியாகப் பூனை புகுந்து தினமும் பன்னைத் தின்கிறது. சம்சாரம் திட்டுகிறாள், போலீஸ்காரரே எச்சரித்துவிட்டுப் போனார், அவர் கயிற்றைத் தொடவில்லை. தரணி இப்போது சாயங்காலம் மணி அடிக்கும் வரை பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள். சந்தில் நிற்கும் ஆள்தான் தினமும் மாறுகிறார்.

நேற்று மல்லிகா போன் செய்தாள். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தரணி கடை முன்னால் தானாக நின்றாளாம். கோதண்டம் பாலைப் பார்த்துக்கொண்டு திரும்பாமலே இருந்திருக்கிறார். இவள்தான் கூப்பிட்டாளாம்.

"மாமா, பூனை வருதுல்ல. ராத்திரில சாத்திக்கங்க. காலைல நான் வர்றதுக்குள்ள தொறந்தா போதும்."